கல்லைச் சுற்றி நாலு கோடு

போன மாதம் எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி நடந்தது. கொடி, பந்தல், ஒலிபெருக்கி என்று ஒன்றுக்கும் குறைவில்லை. வயசான பெண்களுக்கு நிழலில் கதிரை போட்டிருந்தார்கள். என் பக்கத்தில் கொஸ்லந்தவிலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மா. மகன் வீட்டுப் பேத்திக்கு அவர் அம்மாயி, நான் அப்பாயி. இரண்டு பேரும் அந்தப் பிள்ளையைப் பார்க்கத்தான் வந்திருந்தோம்.

வளைவான பாதையில் பெண் பிள்ளைகள் ஓட்டத்துக்கு வந்து நின்றார்கள். உள்கோட்டில் நின்றவள் பின்னால். அடுத்தவள் கொஞ்சம் முன்னால். அதற்கடுத்தவள் இன்னும் முன்னால். வெளிக்கோட்டுப் பிள்ளை எல்லாருக்கும் முன்னால் தனியாக நின்றாள். சம்பந்தியம்மா என் தொடையில் தட்டினார்.

"இங்க பாருங்க சம்பந்தி அநியாயத்த! அந்தக் கடேசிப் புள்ளய மட்டும் அவ்வளவு தூரம் முன்னுக்கு நிப்பாட்டியிருக்காங்க. டீச்சருக்குச் சொந்தக்காரப் புள்ள போல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே பேச்சை நான் பதினொரு வயதில் கேட்டிருக்கிறேன். அன்று முன்னால் நின்ற பிள்ளை நான்தான்.

சம்பந்தியம்மாவுக்கு நான் வாயால் பதில் சொல்லவில்லை. என்ன செய்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். கூடைக் கயிறு அழுத்திய வடு நெற்றியில் இருக்கிற என் வயதுக்காரிகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து மெதுவாகத்தான் வரும். உங்களுக்கும் அவசரம் ஒன்றும் இல்லையே.

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாதை ஸ்பிரிங்வெளி ரோட்டிலிருந்து பிரிந்து மேலே ஏறும். மேல் டிவிசன், கீழ் டிவிசன் இரண்டுக்கும் ஒரே பள்ளிக்கூடம். ஒரே அறை, தகரக் கூரை. மழை பிடித்தால் பெரிய வாத்தியாரின் வாய் அசைவது தெரியும், பாடம் கேட்காது. பக்கத்தில் மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய ஒரு துண்டு நிலம்தான் மைதானம். அதன் நடுவில் ஒரு கல் இருந்தது. லயத்து வரிசை வீட்டு அறை, காம்பரா என்போமே, அதில் இரண்டு அளவு இருக்கும். யாரோ உடைக்கப் பார்த்து முடியாமல் விட்ட துளை ஒன்று அதன் முதுகில் உண்டு. அதில் தேங்குகிற மழைத் தண்ணீரில்தான் நாங்கள் சிலேட்டைக் கழுவுவோம்.

கல்லை நகர்த்த முடியாததால் எங்கள் ஓட்டமெல்லாம் கல்லைச் சுற்றித்தான். பெரிய வாத்தியார் ஒரு மூங்கில் கம்பை வைத்து அளந்து, ஒன்றுக்கு வெளியே ஒன்றாக நாலு பாதை போடுவார். ஃபெக்டரி அடுப்புச் சாம்பலைச் சாக்கில் கொண்டுவந்து, ஈரமாக்கி, கையால் தூவிக் கோடு இழுப்போம். அந்த ஈரச் சாம்பலின் வாசம் இப்போதும் எனக்கு விளையாட்டுப் போட்டியின் வாசம். ஓடி முடித்தால் கணுக்கால் வரை சாம்பல் ஏறியிருக்கும். அதைக் கழுவாமலே லயத்துக்குப் போவோம், ஓடியது எல்லாருக்கும் தெரியட்டும் என்று.

எந்தப் பிள்ளைக்கு எந்தக் கோடு என்பதைத் தேயிலைக் கொட்டை போட்டு எடுப்போம். தகரப் பேணிக்குள் கையை விட்டு, கீறல் போட்ட கொட்டைகளில் ஒன்றை எடுக்க வேண்டும். கல்லுக்குப் பக்கத்துக் கோடு யாருக்கு விழுந்ததோ அந்தப் பிள்ளைதான் ஜெயிக்கும். எத்தனையோ வருடமாக அப்படித்தான். எங்கள் ஜனங்கள் அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். கல்லில் முனி இருக்கிறார், பக்கத்தில் ஓடுகிற பிள்ளையின் கையைப் பிடித்து அவர் இழுத்துக்கொண்டு போகிறார் என்பார்கள். அதனால் போட்டிக்கு முதல் நாள் தாய்மார் வந்து கல்லுக்கு மஞ்சள் பூசுவார்கள், பொட்டு வைப்பார்கள், தேங்காய் உடைப்பார்கள். வெளிக்கோடு நீளம் என்பது யாருக்கும் தெரியாமல் இல்லை. "கொஞ்சம் நீட்டு, அதுக்கென்ன, காலிருந்தா ஓடு" என்று விட்டுவிட்டார்கள். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று யாரும் பார்க்கவில்லை.

எனக்குத் தொடர்ந்து மூன்று வருடமும் வெளிக்கோடுதான் விழுந்தது. லயத்து வாசலில், ரோட்டில், தண்ணீர்ப் பீலிக்குப் போகிற படியில் எல்லாரையும் முந்துகிறவள் நான். அந்தக் கல்லைச் சுற்றும்போது மட்டும் கடைசி.

"போன ஆடியில முனிக்குப் பொங்க வைக்கல. அதான் ஒன்னயத் தள்ளித் தள்ளி விடுறாரு" என்றாள் அம்மா.

நாலாவது வருடம்தான் நான் சொல்ல வந்த வருடம். பெண் பிள்ளைகள் ஓட்டத்தில் முதலாவதாக வருகிறவளைப் பதுளையில் நடக்கிற பெரிய போட்டிக்கு அனுப்பப் போவதாகப் பெரிய வாத்தியார் சொன்னார். பதுளைக்கு நான் போனதே இல்லை. ரயில் அங்கேதான் வந்து முடிகிறது, அதற்கப்பால் தண்டவாளம் இல்லை என்பார்கள். அந்த முடிகிற இடத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. இன்னொன்றும் உண்டு. அந்த வருடத்தோடு என் படிப்பு முடிகிறது. பிறகு பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கப் போக வேண்டும், வயது வந்ததும் மலையில் கொழுந்து பறிக்கப் பேர் பதிய வேண்டும். அம்மா சொல்லிவிட்டாள். ஆகையால் எனக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஓட்டம்.

என் சிநேகிதி ஒருத்தி இருந்தாள். கீழ் டிவிசனில் பீலிக்குப் பக்கத்து வீடு. பீலிக்கரைக்காரி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். எனக்குச் சமமாக ஓடுகிறவள் அவள் ஒருத்திதான். ஒரு நாள் இரண்டு பேரும் கையைக் கோர்த்துக்கொண்டு கல்லைச் சுற்றினோம். அவள் உள்ளே, நான் வெளியே. அவள் சும்மா நடக்கிறாள், எனக்கு மூச்சு வாங்குகிறது.

"ஏன்டி இந்த ஓட்டம் ஓடுற? நான் மெதுவாத்தானே வாறேன்" என்றாள்.

"நீ மெதுவாத்தான் வாற. நான் ஒன் கூட வரணும்ல!"

இடம் மாறிப் பார்த்தோம். இப்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. இரண்டு பேரும் கல்லைப் பார்த்தோம். முனி ஒருவேளை யாரையும் இழுக்கவில்லையோ என்று முதன்முதலாக எனக்குத் தோன்றியது அப்போதுதான். பயமாகவும் இருந்தது.

அதற்கு அடுத்த நாள் அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். அன்று மொட்டை மலையில் கொழுந்து. அந்த மலை கவிழ்த்த சட்டி மாதிரி உருண்டையாக இருக்கும். தேயிலை நிரைகள் அதைச் சுற்றிச் சுற்றிப் போகும். அம்மாவுக்கு அடி நிரை. மேல் நிரைக்காரிகள் நிற்கிற இடத்துக்கு வெகு தூரம் முன்னால் தள்ளி அவளைக் கங்காணி நிறுத்தியிருந்தார்.

"ஏம்மா, ஒன்னய மட்டும் முன்னுக்கு விட்டிருக்காரு?"

"அடி நிரை நீட்டுடி. எல்லாரும் ஒன்னாப் போய் ரோட்டுல ஏற வேணாமா?"

"எவ்வளவு முன்னுக்கு?"

"அது கங்காணி கண்ணால பாத்து நிப்பாட்டுறது. தேத்தண்ணியக் குடு, ஆறிப்போகும்."

கண்ணால் பார்த்து. எனக்கு அது போதவில்லை. பீலிக்கரைக்காரியிடம் ஓடினேன். அடுத்த நாள் மத்தியான இடைவேளையில் அம்மாவின் பழைய கூடைக் கயிற்றையும் துணி காயப்போடுகிற கொடியையும் முடிச்சுப் போட்டு இரண்டு பேரும் கல்லைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தோம். அப்போது டீச்சர் வந்துவிட்டார்.

டீச்சர் வேலைக்குப் புதிது. பதுளை டவுன்காரர், சின்ன வயது. வளைவு ரோட்டில் பஸ் தலையைச் சுற்றுகிறது என்று கைப்பையில் எப்போதும் தோடம்பழ இனிப்பு வைத்திருப்பார்.

"என்ன ரெண்டு பேரும்? கல்லக் கட்டி இழுக்கப் போறீங்களா?"

"இல்ல டீச்சர். வெளிக்கோட்டுக்காரி எவ்வளவு முன்னுக்கு நிக்கணும்னு பாக்கிறோம்."

டீச்சர் சிரிப்பார் என்று நினைத்தேன். சேலையைச் சுருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கல்லு பெருசு டீச்சர். அதனால நெறய முன்னுக்குப் போகணும். சின்னக் கல்லா இருந்தா கொஞ்சம் போதும்" என்றாள் பீலிக்கரைக்காரி.

"எனக்கும் அப்படித்தான் படுது" என்றார் டீச்சர்.

"அப்ப சின்னதுல இருந்து பாப்போம்" என்றேன். எவ்வளவு குறையும் என்பதில் பந்தயம் ஒரு இனிப்பு.

பால்மாப் பேணியைத் தரையில் வைத்துக் கயிற்றால் சுற்றினோம். பிறகு பேணியிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சுற்றிலும் குச்சி நட்டு, குச்சிகளைச் சுற்றிக் கயிறு போட்டோம். இரண்டாவது கயிறு முதல் கயிற்றைவிட ஆறு சாணும் மூன்று விரலும் கூட. அடுத்தது பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் கிடந்த உரல். அதற்கும் ஒரு சாண் தள்ளிக் குச்சி. அங்கேயும் ஆறு சாணும் மூன்று விரலும்.

"ஒன் சாண் வளந்திருச்சுடி" என்றாள் பீலிக்கரைக்காரி. அவளே அளந்தாள். அதேதான்.

கடைசியாகக் கல். அதற்குள் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு குச்சியைப் பிடித்துக்கொண்டு கல்லைச் சுற்றிக் குந்தினார்கள். அந்தக் கல் வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை, கோணல் மாணலானது. கயிறு போதாமல் லயத்திலிருந்து இன்னும் கொடிகளை அவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். கல்லைச் சுற்றி ஒருமுறை, குச்சிகளைச் சுற்றி ஒருமுறை. டீச்சர் தன் கையாலே அளந்தார். திரும்பவும் அளந்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் எப்படியோ இருந்தது.

"ஆறு சாண். வெரல் மூனா நாலான்னு சரியாத் தெரியல" என்றார். "மேலெல்லாம் புல்லரிக்குது, புள்ளைகளா."

பேணிக்கும் அதே, உரலுக்கும் அதே, அவ்வளவு பெரிய கல்லுக்கும் அதே! ஒரு சாண் வெளியே போனால் ஆறு சாணும் மூன்று விரலும். பிள்ளைகளுக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது.

"டீச்சர், ஃபெக்டரியச் சுத்திக் கட்டினா?"

"அதே."

"தோட்டம் பூராவும்?"

"அதே."

"பதுளைய?"

"அதேதான் வரணும்."

"இந்தியாவ டீச்சர், இந்தியாவ?" இதைக் கேட்டது பீலிக்கரைக்காரி.

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "இந்தியாவுக்கும் ஆறு சாணும் மூனு வெரலும்தான்" என்றார்.

அன்று பையிலிருந்த இனிப்பு முழுவதும் எங்களுக்குத்தான். டீச்சர் பஸ்ஸில் என்ன பாடுபட்டாரோ.

பிறகு ஓடுகிற பாதைக்கு வந்தோம். சாணுக்கு என்ன உண்டோ அதுதானே கம்புக்கும். ஒவ்வொரு பாதையும் ஒரு கம்பு வெளியே இருக்கிறது. ஆகவே இரண்டாம் கோட்டுக்காரி ஆறு கம்பும் கொஞ்சமும் முன்னால் நிற்க வேண்டும். மூன்றாம் கோட்டுக்காரி பன்னிரண்டும் இரண்டு கொஞ்சமும். நாலாவதுக்குப் பதினெட்டும் மூன்று கொஞ்சமும். அந்த மூன்று கொஞ்சமும் சேர்ந்து ஒரு கம்பாகிவிடப் பார்த்தது. அளந்த இடங்களில் வெள்ளைக் கல் பதித்தோம். தள்ளி நின்று பார்த்தால் படிக்கட்டு மாதிரி ஒரே சீராக ஏறியது. அவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்குமுன் செய்ததில்லை.

டீச்சர் போய்ப் பெரிய வாத்தியாரிடம் சொன்னார். அவர் கேட்கவில்லை.

"டீச்சர், இது கணக்குப் பாடம் இல்ல, ஓட்டப் போட்டி. எல்லாப் புள்ளைகளும் ஒரே கோட்டுலதான் நிக்கணும். அதுதான் நியாயம்."

அப்போது எனக்கு அவர் மேல் அவ்வளவு கோபம். இப்போது யோசித்தால் வேறு விதமாகத் தெரிகிறது. அவர் வருவதற்கு முன் எங்கள் பள்ளிக்கூடத்தில் தோட்டத்துக் கிளாக்கர் வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் உட்கார வாங்குப் பலகை, எங்களுக்குத் தரை. அதை மாற்றி எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்தவர் அவர். ஒரே கோடு என்பதற்காக எத்தனை பேரின் முகத்தை முறித்துக்கொண்டிருப்பார்! அந்த மனிதருக்கு ஒரு பிள்ளை மட்டும் முன்னால் போய் நிற்பது எப்படிப் பொறுக்கும்?

யாருக்கு எந்தக் கோடு விழுந்தாலும் வெள்ளைக் கல்லில்தான் நிற்போம் என்று ஓடப்போகிற நாலு பேரும் முனிக் கல்லைத் தொட்டுச் சத்தியம் செய்தோம்.

போட்டி நாள் வந்தது. பெண்கள் மலையிலிருந்து நேரே வந்திருந்தார்கள். நெற்றியில் கயிறு, முதுகில் கூடை, இடுப்பில் படங்குச் சாக்கு. கொழுந்து நிறுக்கிற அந்தி நிறுவைக்கு இன்னும் நேரம் இருந்ததால் கூடைகளை இறக்கி மைதானத்து ஓரம் வரிசையாக வைத்தார்கள். பச்சைக் கொழுந்து வாசமும் சாம்பல் வாசமும் கலந்து அடித்தது. பேணிக்குள் கையை விட்டேன். வெளிக்கோடு. நாலாவது முறையும் வெளிக்கோடு! பீலிக்கரைக்காரிக்குக் கல்லடிக் கோடு. கீழ் டிவிசன் பக்கத்தில் ஒரே கூச்சல். "முனி நம்ம பக்கம்டா!" என்று யாரோ கத்தினார்கள்.

நான் நடந்தேன். எல்லாரையும் தாண்டி, வளைவு திரும்புகிற இடத்துக்கே போய் என் வெள்ளைக் கல்லில் நின்றேன். மற்ற இரண்டு பேரும் தங்கள் கல்லில் நின்றார்கள். பீலிக்கரைக்காரிக்குக் கோடேதான் இடம்.

"ஏய்! எங்கடி போற? ஓட்டம் இங்க, நீ பீலிக்குப் போறியா?" என்று ஒரு குரல். பிறகு சிரிப்பு. பிறகு அது சிரிப்பாக இருக்கவில்லை.

"கள்ளி! பின்னுக்கு வாடி!"

"மேல் டிவிசன்காரிக்கு வெக்கமே இல்லயா?"

அம்மா கூட்டத்துக்கு முன்னால் வந்துவிட்டாள். "என் மானத்த வாங்காத. வந்துரு" என்றாள், மெதுவாக. கூட்டத்தின் சத்தம் என்னை ஒன்றும் செய்யவில்லை. அம்மா மெதுவாகச் சொன்னதற்குத்தான் ஒரு கால் பின்னால் போனது. அதைத் திரும்பவும் வெள்ளைக் கல்லில் வைத்தேன்.

"எல்லாரும் கோட்டுக்கு!" என்றார் பெரிய வாத்தியார். நடுவில் நின்ற இரண்டு பேரும் பயந்து பின்னால் போய்விட்டார்கள். நான் போகவில்லை. அவர் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஒனக்கு மட்டும் தனிக் கோடா?"

"சேர், என்னய அடிங்க. ஆனா அளந்துட்டு அடிங்க."

அந்த வார்த்தை எங்கிருந்து வந்ததோ தெரியாது. அவர் பிடி தளரவில்லை. டீச்சர் பக்கத்தில் வந்து, "சேர், ஒருக்கா கயிறு போட்டுப் பாப்போம்" என்றார். பெரிய வாத்தியார் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அப்போது கல்லடிக் கோட்டிலிருந்து பீலிக்கரைக்காரி கத்தினாள்.

"சேர், அவ சரியாத்தான் நிக்கிறா. நானும் சேந்துதான் அளந்தேன்."

கூட்டத்திலிருந்து அவளுடைய அம்மா பாய்ந்தாள். "அடி கூறு கெட்டவளே! வாய மூடிக்கிட்டு நில்லு! கையில கெடச்சதக் கெடுத்துக்காத!"

கூட்டம் சிரித்தது. பீலிக்கரைக்காரி சிரிக்கவில்லை. கோட்டை விட்டு வெளியே வந்து, கல்லில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டாள்.

"ஒரே கோட்டுல விட்டா நான் ஓட மாட்டேன் சேர்."

ஜெயிக்கப் போகிற பிள்ளை ஓட மாட்டேன் என்கிறது. பெரிய வாத்தியார் என் கையை விட்டார். மைதானத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்தார்.

"எதால அளக்கிறது? அவ்வளவு கயிறு ஏது?"

அதற்குப் பதில் சொன்னது என் அம்மா. சொன்னாள் என்பது சரியில்லை, செய்தாள். கூடைகள் இருந்த இடத்துக்குப் போய், தன் கூடைக் கயிற்றை அவிழ்த்துக் கொண்டுவந்து அவர் காலடியில் போட்டாள். மொட்டை மலையின் அடி நிரை அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். பிறகு இன்னொருத்தி அவிழ்த்தாள். பிறகு கீழ் டிவிசன்காரி ஒருத்தி. பிறகு எல்லாரும்.

கணக்கப்பிள்ளை ஓடி வந்தார். "அந்தி நிறுவை கெடக்கு! கயித்த அவுக்காதீங்க!"

"கொழுந்து எங்கயும் ஓடிப் போகாது கணக்கப்பிள்ளை. ஒரு வாய் வெத்தில போடுங்க" என்றாள் ஒரு கிழவி.

முடிச்சு முடிச்சாகப் போட்டு ஒரே கயிறாக்கினார்கள். முதலில் உள்கோட்டில் ஒரு சுற்று போட்டு, முடிகிற இடத்தில் துணி கட்டி அடையாளம் வைத்தார்கள். பிறகு அதே கயிற்றைத் தூக்கி வெளிக்கோட்டில் போட்டார்கள். முடிவுக் கோட்டில் ஒரு நுனி. அங்கிருந்து பின்னோக்கிக் கயிறு போகிறது, பெண்கள் குனிந்து குனிந்து அதை வைத்துக்கொண்டே போகிறார்கள், பிள்ளைகள் கூடவே ஓடுகிறார்கள். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். துணி கட்டிய இடம் வந்து விழுந்தது, என் வெள்ளைக் கல்லுக்குப் பக்கத்தில். அரைச் சாண்தான் வித்தியாசம்.

பெரிய வாத்தியார் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு குந்தினார். என் வெள்ளைக் கல்லை எடுத்து, அந்த அரைச் சாண் தள்ளி, துணிக்கு நேரே தன் கையால் பதித்தார். பிறகு மற்ற இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் அவரவர் கல்லில் நிறுத்தினார்.

"நில்லுங்க" என்றார். விசிலை எடுத்தார்.

அந்த மாதிரி ஓட்டத்தை எங்கள் மைதானம் பார்த்ததில்லை. முன்னெல்லாம் ஒருத்தி முந்திப் போவாள், மற்றவர்கள் சிதறி வருவார்கள். அன்று கடைசி வளைவு முடிகிறபோது நாலு பேரும் தோளோடு தோள். மேல் டிவிசன், கீழ் டிவிசன் எல்லாம் எழும்பி நின்று கத்துகிறது. யார் பெயரைக் கத்துகிறார்கள் என்றே தெரியவில்லை. இரண்டு கோட்டுக்கு அப்பால் பீலிக்கரைக்காரியின் தலை என் தலைக்கு நேராக வருகிறது. அவ்வளவு சமமாக நான் யாரோடும் ஓடியதில்லை. ஒரு கை அளவு முன்னால் அவள் கோட்டைத் தாண்டினாள்.

ஆமாம், அவள்தான் ஜெயித்தாள். நான் இரண்டாவது.

"தோத்துட்டு என்னடி சிரிக்கிற?" என்றாள் அம்மா.

மூன்று வருடம் நான் ஒரு கல்லிடம் தோற்றிருந்தேன். அன்றுதான் ஒரு பிள்ளையிடம் தோற்றேன். அதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? சாம்பல் காலோடு ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

முடிச்சு அவிழ்க்கவே அந்தியாகிவிட்டது. எல்லாக் கயிறும் ஒன்று போலத்தானே இருக்கும்? யாருடையதை யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை. அம்மாவின் கயிறு ஒரு பக்கம் கருத்து வழுவழுவென்று இருக்கும். அது திரும்பக் கிடைக்கவே இல்லை. கடைசிவரை அம்மா யாரோ ஒருத்தியின் கயிற்றில்தான் கூடை தூக்கினாள்.

பீலிக்கரைக்காரி பதுளைக்குப் போய்வந்தாள். வந்த அன்றே எங்கள் லயத்துக்கு ஓடி வந்தாள்.

"அங்க கல்லே இல்லடி! வெறும் தரை! ஆனா எல்லாரும் நம்மள மாதிரியேதான் முன்னயும் பின்னயும் நிக்கிறாங்க. வெள்ளையாக் கோடு போட்டு வச்சிருக்காங்க. எனக்கு வெளிக்கோடு. யாரும் சொல்லாமலே நேராப் போய் முன்னுக்கு நின்னுட்டேன். ஒரு தொரை மாதிரி ஆளு என்னயப் பாத்துத் தலையாட்டுனாரு."

"எத்தனையாவது வந்த?"

"அத விடுடி!"

தோடம்பழ இனிப்புச் சுற்றிய தாளில் எதையோ மடித்துக் கொண்டுவந்திருந்தாள். பதுளை மைதானத்துக் கோட்டிலிருந்து கிள்ளிய சுண்ணாம்பு. ரயில் முடிகிற இடத்தையும் பார்த்தாளாம். அங்கே பெரிய மரக்கட்டை ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றாள். அந்தச் சுண்ணாம்பை ரொம்ப நாள் வைத்திருந்தேன். பிறகு ஒரு வருடம் லயம் தீப்பிடித்தபோது அதுவும் போயிற்று. அவள் குடும்பம் இந்தியாவுக்குப் போகிறவர்கள் பட்டியலில் பேர் கொடுத்துப் போய்விட்டது. புறப்படுகிற அன்று அவள் சொன்னது, "ஆறு சாணும் மூனு வெரலும்டி" என்பதுதான்.

அடுத்த வருடத்திலிருந்து பெரிய வாத்தியாரே வெள்ளைக் கல் பதித்தார். நான் அப்போது பிள்ளைக் காம்பராக் குழந்தை ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தேன். தாய்மார் கல்லுக்குத் தேங்காய் உடைப்பதை மட்டும் நிறுத்தவில்லை. நாலு கோட்டுக்கும் சேர்த்து உடைத்தார்கள். இப்போது கல்லும் இல்லை. மெஷின் கொண்டுவந்து உடைத்து மைதானத்தைப் பெரிதாக்கிவிட்டார்கள்.

சரி, சம்பந்தியம்மாவுக்கு வருகிறேன். போட்டி முடிந்து கூட்டம் தேத்தண்ணிக்குக் கலைந்தது. நான் அவர் கையைப் பிடித்தேன்.

"எழும்புங்க சம்பந்தி. ஒரு சுத்து நடப்போம்."

"இந்த வயசுலயா? பாக்கிறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டும். கைய மட்டும் விடக் கூடாது."

அவரை உள்கோட்டில் விட்டு நான் வெளிக்கோட்டில் நடந்தேன். நேர்ப் பாதையில் ஒன்றும் தெரியவில்லை, சம்பந்தியம்மா தன் மாமியார் கதையைப் பேசிக்கொண்டு வந்தார். வளைவு வந்தது. அவர் பாட்டுக்கு நடக்கிறார். நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டி வைக்கிறேன்.

"ஏன் சம்பந்தி இப்புடி ஓடுறீங்க? மூச்சு வாங்குதே. நான் மெதுவாத்தானே வாறேன்."

"நீங்க மெதுவாத்தான் வாறீங்க. நான் ஒங்க கூடத்தான் வாறேன்."

அவர் நின்றுவிட்டார். கீழே வெள்ளைக் கோட்டைப் பார்த்தார். வளைவைப் பார்த்தார். தூரத்தில் அந்தக் கடைசிப் பிள்ளை நின்ற அடையாளத்தைப் பார்த்தார்.

பிறகு கையை விடாமலே என்னைச் சுற்றி வெளிப்பக்கம் வந்தார். சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அடுத்த வளைவுல நீங்க மெதுவா வாங்க" என்றார்.